ஃபிரீசரில் பிழைக் குறியீடு வந்தால்: போர்டை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு சென்னை காசிமேட்டில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. மறுநாள் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் விற்கும் அந்த அக்கா, வழக்கமாக வாங்குகிறவர்களை இரண்டு மாதம் கைவிடக் கூடாது என்று வஞ்சிரமும் இறாலும் வாங்கிச் சுத்தம் செய்து, பொட்டலம் பொட்டலமாகக் கட்டி, வீட்டு ஃபிரீசரை நிரப்பி வைத்திருந்தார். முகப்பில் மைனஸ் 18 என்று காட்ட வேண்டிய இடத்தில் ஏதோ எழுத்துகள் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தன. மாலையில் ஒருவர் வந்து பார்த்து, போர்டு (ஃபிரீசரை இயக்கும் மின்னணுப் பலகை) போய்விட்டது, மாற்ற ஏழாயிரம் ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அக்காவின் முகத்தில் ஈ ஆடவில்லை.

பின்பக்க மூடியைக் கழற்றினேன். போர்டில் ஒரு குறையும் தெரியவில்லை. குளிரை அளக்கும் சென்சாரின் கம்பிகள் வந்து சேரும் சிறிய வெள்ளை கனெக்டரைப் பிடுங்கி டார்ச் அடித்துப் பார்த்தபோது, உள்ளே ஒரே ஒரு உலோகப் பின்னில் மட்டும் பச்சை பூத்திருந்தது. குத்துவிளக்கைப் பல நாள் விளக்காமல் விட்டால் இடுக்குகளில் பூக்குமே, அதே பச்சை. சுத்தம் செய்து மாட்டியதும் குறியீடு மறைந்தது. மீன் தப்பியது.

தண்டையார்பேட்டையில் கடை வைத்து இருபது வருடங்களுக்கு மேல் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறேன். குறியீட்டைக் காட்டுவது போர்டு என்பதால் கோளாறும் போர்டில்தான் என்று வீட்டுக்காரர்கள் நம்பிவிடுகிறார்கள். தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளும் அப்படியே நினைக்கிறார்கள். குறியீடு காட்டும் அளவுக்கு அந்தப் போர்டு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. கடலை ஒட்டிய நம் பகுதியில் நான் பார்த்த பெரும்பாலான குறியீடுகளுக்குக் காரணம் உப்புக் காற்று தின்ற கனெக்டர், உறைந்து அடைத்த ஐஸ், செத்துப்போன சென்சார், தாறுமாறான வோல்டேஜ், இந்த நான்கில் ஒன்று. எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முதலில் மீனைக் காப்பாற்றுங்கள்

குறியீட்டைக் கண்டதும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து உள்ளே கை வைத்துப் பார்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். நிறைந்திருக்கும் ஃபிரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால், மின்சாரம் இல்லாமலேயே ஏறத்தாழ 48 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம் தாங்கும். வேலை அதற்கு மேல் இழுக்கும் என்று தெரிந்தால், தெர்மோகோல் பெட்டியில் உடைத்த ஐஸை அடுக்கி மாற்றிவிடுங்கள். காசிமேட்டிலும் ராயபுரத்திலும் இருப்பவர்களுக்கு ஐஸுக்கா பஞ்சம்!

பொட்டலத்துக்குள் இன்னும் ஐஸ் துகள்கள் நெறநெறவென்று இருந்தால் மறுபடியும் உறைய வைக்கலாம். ஆனால் சூரை, காணாங்கெளுத்தி, வஞ்சிரம் போன்ற மீன்கள் உருகி வெதுவெதுப்பாகக் கிடந்திருந்தால் தயவுசெய்து கொட்டிவிடுங்கள். அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், மறுபடி உறைய வைத்தாலும் அது போகாது. நாற்றம் வரவில்லையே என்று குழம்பு வைத்தால் முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பெல்லாம் தடித்துப்போய் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருக்கும்.

குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள்

பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் கைபேசியில் முகப்பை அரை நிமிடம் வீடியோ எடுங்கள். மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் குறியீடு மறைந்துவிடலாம். மீண்டும் வரச் சில மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம். அதற்குள் வந்துபோகும் மெக்கானிக், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்பார். முகப்பில் எழுத்து இல்லாத வகைகளில் ஒரு சின்ன விளக்கு இத்தனை முறை சிமிட்டி, நின்று, மறுபடி சிமிட்டும். கண்ணால் எண்ணினால் தவறும். வீடியோவில் எண்ணுங்கள்.

அடுத்து மாடல் எண். ஃபிரிட்ஜின் உள்சுவரிலோ பின்புறத்திலோ ஒட்டிய சீட்டில் இருக்கும். ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் குறியீடு மாறும் என்பதால் இது இல்லாமல் பொருள் தேடுவது வீண். பொருளைக் கையேட்டில் தேடுங்கள். சில பெட்டிகளில் மூடிக்கு உள்பக்கம் வயரிங் படத்தோடு ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஓர் உதாரணம்: எல்ஜியின் பல மாடல்களில் 'ஈஆர் எஃப்எஸ்' என்றால் ஃபிரீசர் சென்சார், 'ஈஆர் எஃப்எஃப்' என்றால் ஃபிரீசர் ஃபேன், 'ஈஆர் டிஎச்' என்றால் ஐஸ் உருக்கும் ஹீட்டர், 'ஈஆர் சிஓ' என்றால் முகப்புப் போர்டும் பெரிய போர்டும் பேசிக்கொள்ளவில்லை. சாம்சங்கின் பல மாடல்களில் '21ஈ' அல்லது '21சி' ஃபிரீசர் ஃபேனைக் குறிக்கும்.

முகப்பில் 'ஓஎஃப்எஃப்' அல்லது 'ஓஎஃப் ஓஎஃப்' என்று தெரிந்து, உள்விளக்கு எரிந்து, குளிர் மட்டும் இல்லையென்றால் அது பெரும்பாலும் பழுதே கிடையாது. கடையில் காட்சிக்கு வைப்பதற்கான டெமோ நிலை அது. குழந்தைகள் பட்டனை அழுத்தி விளையாடியிருப்பார்கள். கையேட்டில் உள்ளபடி அதை நீக்கினால் போதும்.

குறியீடு 'ஃபிரீசர் சென்சார்' என்று சொன்னால் சென்சார் செத்துவிட்டது என்று பொருளில்லை. அந்தப் பக்கமிருந்து வர வேண்டிய அளவு சரியாக வரவில்லை, அவ்வளவுதான். சென்சார், அதன் கம்பி, கனெக்டர், போர்டில் அது நுழையும் இடம் என்று நான்கு இடங்களில் எங்கு வேண்டுமானாலும் வழி அடைத்திருக்கலாம். முதல் மூன்றும் செலவு குறைந்தவை. நான்காவதுதான் போர்டு.

மின்சாரம்

பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு மாட்டுங்கள். உடனே மாட்டாதீர்கள், கம்ப்ரஸருக்குள் அழுத்தம் சமமாவதற்குச் சில நிமிடம் வேண்டும். ஒரு நொடி மின்வெட்டில் திகைத்து நின்ற போர்டு இதிலேயே தெளிந்துவிடுவது உண்டு. மூன்று நாள் கழித்து அதே குறியீடு திரும்பினால் மேற்கொண்டு தேடுங்கள்.

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். விதிப்படி 6 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது 216 முதல் 244 வரை. மே மாத இரவில் தெருவே ஏசி போட்டிருக்கும் நேரத்தில் ஃபிரிட்ஜ் செருகியிருக்கும் அதே சாக்கெட்டில் அளந்து பாருங்கள். பகலில் அளந்துவிட்டு வோல்டேஜ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

இதில் ஆபத்தான ஒன்று உண்டு. தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் ஒரு வீட்டில் பல்பு மங்கும், அடுத்த வீட்டில் கண் கூசும்படி எரியும். சில வீடுகளுக்கு 300 வோல்ட்டுக்கு மேல் வரும். அப்போது செய்ய வேண்டியது மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்கு அழைப்பதுதான். ஃபிரிட்ஜைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மின்வெட்டுக்காக வைத்திருக்கும் இன்வெர்ட்டரில் ஃபிரீசரை ஓட்டுகிறவர்கள் அதை நீக்கிவிட்டு, நேரடி மின்சாரத்தில் குறியீடு வருகிறதா என்று பாருங்கள். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தரும் சதுர அலை மின்சாரம் சில போர்டுகளுக்கு ஒத்துக்கொள்ளாது. 'இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ்' என்று கடையில் சொல்வது வேறு. அது கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை. அந்தப் பெயரை வைத்து எந்த இன்வெர்ட்டரிலும் ஓடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஐஸும் ஃபேனும்

தானாக ஐஸ் உருக்கும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகைகளில் ஃபிரீசரின் பின்சுவருக்கு உள்ளே குளிரூட்டும் குழாய்ச் சுருளான காயிலும், அதன் மேல் ஒரு சிறிய ஃபேனும் இருக்கும். ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் போர்டுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். இறக்கையில் ஐஸ் முட்டினால் சுற்று நிற்கும், தகவல் நிற்கும், ஃபேன் குறியீடு வரும். ஃபேன் மோட்டாரோ போர்டோ பழுதாகியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. காதை வைத்துக் கேளுங்கள். சர்ரென்று உரசும் சத்தம், அல்லது முற்றிலும் அமைதி, இரண்டுமே ஐஸைச் சந்தேகிக்க வைக்கும்.

பொருள்களை வெளியே எடுத்து, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்து எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். கீழே பழைய துணி போடுங்கள். வெளியே ஒரு டேபிள் ஃபேனை வைத்து உள்ளே காற்று வீசச் செய்தால் சீக்கிரம் உருகும். கத்தி, ஸ்க்ரூடிரைவர், கரண்டிக் காம்பு எதையும் கொண்டு ஐஸைக் குத்தாதீர்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ என்ற குளிரூட்டும் வாயு ஐசோபியூட்டேன். அடுப்பு காஸின் உறவு, தீப்பிடிக்கும். அளவு சில பத்து கிராம்தான் என்றாலும், அலுமினியக் காயிலில் ஒரு துளை விழுந்தால் ஃபிரீசரும் போய்விடும், அடைத்த சின்ன அறையில் ஆபத்தும் வரும்.

உருக்கிய பிறகு நன்றாக ஓடி, இரண்டு மூன்று வாரத்தில் அதே குறியீடு வந்தால், ஐஸ் உருக்கும் அமைப்பில்தான் குறை. கதவு ரப்பரில் இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து மூடி இழுங்கள். இறுக்கமாக வர வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் சிறு இடைவெளி போதும், ஈரம் உள்ளே போய் உறைந்துகொண்டே இருக்கும். அடுத்து ஹீட்டர். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் அதன் இரு முனைகளிலும் ஓம்ஸ், அதாவது மின்தடை, அளக்க வேண்டும். 200 வாட் ஹீட்டர் என்றால் ஏறத்தாழ 265 ஓம்ஸ் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. ஹீட்டரோடு தொடரில் இருக்கும் பைமெட்டல் கட்-அவுட் (சூடு கூடினால் இணைப்பைத் துண்டிக்கும் சிறு பாகம்) குளிர்ந்திருக்கும்போது மட்டுமே இணைப்பைக் கொடுக்கும். புதியவர்கள் அதை அறை வெப்பத்தில் அளந்து பழுது என்று தூக்கி எறிகிறார்கள். உறையும் குளிரில் சிறிது நேரம் வைத்த பிறகு அளந்தால் உண்மை தெரியும்.

சென்சாரை ஒரு டம்ளர் ஐஸ் தண்ணீரில் சோதிப்பது

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. பெரிய கருவி வேண்டாம், ஊகம் வேண்டாம்.

சென்சார் என்பது சுண்டு விரல் நுனி அளவு பிளாஸ்டிக் குமிழ், இரண்டு மெல்லிய கம்பிகள். உள்ளே தெர்மிஸ்டர் இருக்கிறது. குளிரக் குளிர அதன் மின்தடை கூடும், சூடேறினால் குறையும். எவர்சில்வர் டம்ளரில் உடைத்த ஐஸை நிரப்பி, ஐஸ் மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் கலக்குங்கள். ஐஸ் மிதந்துகொண்டிருக்கும் வரை அந்தத் தண்ணீர் 0 டிகிரியில் நிற்கும். அதாவது தெர்மாமீட்டர் இல்லாமலே துல்லியமான ஒரு வெப்பநிலை உங்கள் கையில் இருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்சாரின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை 200 கிலோ ஓம்ஸ் நிலையில் வைத்து முதலில் அறை வெப்பத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குமிழை மட்டும் ஐஸ் தண்ணீரில் விட்டு ஐந்து நிமிடம் பொறுங்கள். எண் மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்க்கலாம். அறை 30 டிகிரி என்றால், 0 டிகிரியில் அதைப்போல் ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு மடங்கு வர வேண்டும். 25 டிகிரியில் 10 கிலோ ஓம்ஸ் காட்டும் வகை ஐஸ் தண்ணீரில் 30 கிலோ ஓம்ஸை ஒட்டி நிற்கும். 5 கிலோ ஓம்ஸ் வகை 15-ஐ ஒட்டி நிற்கும். வேறு அளவுகளும் உண்டு. அதனால் மாற்று சென்சார் வாங்கும்போது மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்; கையில் கிடைத்ததை ஒட்டுப்போட்டால் போர்டு வெப்பநிலையைத் தப்பாகப் படிக்கும்.

மீட்டரில் 'ஓஎல்' அல்லது இடப்பக்கம் ஒற்றை 1 மட்டும் வந்தால் உள்ளே அறுந்திருக்கிறது. 0 காட்டினால் இரண்டு கம்பிகளும் எங்கோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எண் ஏறாமல் ஆடிக்கொண்டே இருந்தால் குமிழுக்குள் ஈரம் புகுந்திருக்கும்; நாள்பட்ட சென்சார்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். எண் ஒழுங்காக ஏறினால் சென்சார் நல்ல சென்சார். அப்படியென்றால் கண்ணைக் கனெக்டர் பக்கம் திருப்புங்கள்.

உப்புக் காற்றும் கனெக்டரும்

திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு, ராயபுரம் வீடுகளில் ஜன்னல் கம்பி என்ன கதியாகிறது என்று பாருங்கள். அதே காற்றுதான் ஃபிரிட்ஜின் பின்பக்கமும் வீசுகிறது. உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்னும். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் போதும். சென்சார் வழியாகப் போகும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரல் பக்கம் இருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இன்வெர்ட்டர் வகை போர்டுகளில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கபாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 325 வோல்ட் வரை நேர்மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டரில் அளந்து, வடிந்துவிட்டது என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மீட்டரைப் பிடிக்கத் தெரியாதவர்கள் இந்தப் படியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

எல்லாக் கனெக்டர்களையும் புகைப்படம் எடுத்த பிறகு, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கம்பியைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்து, கொக்கியை அழுத்தி எடுங்கள். பச்சை, வெள்ளைப் பொடி, கறுத்த பின், தளர்ந்து பின்னுக்குப் போன முனை, இவற்றைத் தேடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் இரண்டு மூன்று முறை மாட்டிக் கழற்றி மாட்டுங்கள். எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய் அடுத்த மாதமே மறுபடி பச்சை பூக்கும். தேங்காய் எண்ணெய் தடவி வைத்த ஒரு கனெக்டரையும் பார்த்தேன். தூசி அப்பிக் களிம்பாகியிருந்தது.

முகப்பும் போர்டும் பேசவில்லை என்ற குறியீடு வந்தால், கதவின் மேல் கீலைக் கழற்றிப் பாருங்கள். கதவில் முகப்பு உள்ள வகைகளில் கம்பிகள் அந்தக் கீல் வழியாகத்தான் போகும். ஒரு நாளைக்கு முப்பது முறை திறந்து மூடும் வீட்டில், வருடங்கள் போகப் போக, மேல்தோல் முழுசாக இருக்கும்போதே உள்ளே செம்பு இழை அறுந்துவிடும். கதவைத் திறந்தால் குறியீடு போகிறது, மூடினால் வருகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

எலி கடித்த கம்பியையும், போர்டின் மேல் கருகிக் கிடக்கும் பல்லியையும் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும்.

போர்டு

இத்தனையும் சரியாக இருந்தால்தான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும். மேல்பக்கம் புடைத்த கபாசிட்டர், கருகிய ரிலே, உப்பு பூத்த இடங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். மின்சாரம் நுழையும் இடத்தில் ஃபியூஸும், அதை ஒட்டி நீல நிறத்தில் காசு போன்ற வேரிஸ்டரும் இருக்கும். வேரிஸ்டர் வெடித்து ஃபியூஸ் போயிருந்தால் அதிக வோல்டேஜ் வந்திருக்கிறது. அந்த இரண்டும் தங்களைக் கொடுத்துப் போர்டைக் காப்பாற்றியிருக்கலாம். போர்டு பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டினால் சில நூறு ரூபாயில் முடியும் வாய்ப்பு உண்டு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கீழே பின்பக்கம் போர்டு உள்ள ஃபிரிட்ஜ்கள்தான் அதிகம் பாழாயின. வெளியே காய்ந்துவிட்டது என்று பிளக்கைச் செருகியவர்கள் பொழைத்திருக்கக்கூடிய போர்டையும் இழந்தார்கள். தண்ணீரில் நின்ற ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன் மூடியைக் கழற்றி, போர்டைச் சுத்தம் செய்து, முழுவதும் உலர்த்தி, எர்த் கசிவு இருக்கிறதா என்று மெக்கானிக்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். தாழ்வான தெருவில் இருப்பவர்கள் உறுதியான இரும்பு ஸ்டாண்டு போட்டு உயர்த்தி வைப்பது நல்லது.

காஸ் குழாயில் வேலை, கம்ப்ரஸர், மின்சாரம் இருக்கும்போதே போர்டில் அளப்பது, இந்த மூன்றையும் வீட்டில் முயலாதீர்கள். உத்தரவாதக் காலம் முடியாமல் இருந்தால் மூடியைக்கூடக் கழற்ற வேண்டாம். அட்டையைக் கவனமாகப் படியுங்கள்: '10 ஆண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். போர்டுக்குப் பொதுவாக ஓராண்டுதான்.

மெக்கானிக் வரும்போது

வீடியோவைக் காட்டுங்கள், மாடல் எண்ணைச் சொல்லுங்கள், நீங்கள் அளந்த எண்களை எழுதிய தாளைக் கொடுங்கள். போர்டு மாற்ற வேண்டும் என்றால், "சென்சாரில் என்ன அளவு வந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அளந்தவர் எண்ணைச் சொல்வார். அளக்காதவர் பேச்சை மாற்றுவார். புதிய போர்டின் பாக எண் பழையதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்; பழைய போர்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பிறகு தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்க அந்தப் பில்தான் கையில் இருக்க வேண்டும்.

பழுது நீங்கியதும் உடனே எல்லாவற்றையும் அடைத்துவிடாதீர்கள். ஒரு பாட்டில் தண்ணீரோடு காலியாக ஓட விட்டு, மைனஸ் 18-ஐத் தொட்டு ஒரு நாள் முழுக்க அங்கேயே நிற்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு காற்று வரும் துளைகளை அடைக்காமல், உறைந்த பொட்டலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்குங்கள். காசிமேட்டு அக்காவின் ஃபிரீசர் கதவுக்கு உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: வந்த குறியீடு, தேதி, எந்த கனெக்டர், ஐஸ் தண்ணீரில் சென்சார் காட்டிய அளவு. அடுத்து யார் திறந்தாலும், நானாக இல்லாவிட்டாலும், அங்கிருந்து தொடங்கலாம்.